மணி கட்டிய கிடாவும் மூன்று மாதக் கெடுவும்

வல்லம் வடகால் திருப்பத்தில் உள்ள டீக்கடையில் காலை ஆறரைக்கு மேல் உட்கார இடம் கிடைக்காது. இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் பிள்ளைகள், காலை ஷிஃப்டுக்குப் போகும் பிள்ளைகள், வரிசையாகக் கம்பெனி பஸ்கள். என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்கள் அதற்கு முன்பே போய் டீ குடித்துவிட்டு வந்துவிட வேண்டும். போன மாதம் அப்படிப் போயிருந்தபோது பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அருகில் வந்து உட்கார்ந்தார்.

"சார், நீங்க கோர்ட்டுல இருந்தவங்கதானே? ஒருத்தன் கேஸ் போட்டு ஜெயிச்சா, கேஸ் போடாதவனுக்கும் அதே ரேட்டு வருமாமே. நெசமா?"

அவருடைய மைத்துனருக்குப் பரந்தூர்ப் பக்கம் நிலமாம். அங்கே விமான நிலையம் என்று 2022-இல் அறிவித்த நாளிலிருந்து வீட்டில் இதே பேச்சாம். ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம், இரண்டுக்கும் நடுவில் டீ ஆறிப்போகும் என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. அதற்குக் காரணம் உண்டு. கடைசியில் சொல்கிறேன்.

நான் நீதித்துறையில் 1979-இல் தட்டச்சராகச் சேர்ந்து, பெஞ்ச் கிளார்க், சிரஸ்தார் என்று படிப்படியாக ஏறி ஓய்வு பெற்றவன். வக்கீலும் இல்லை, நீதிபதியும் இல்லை. கட்டுகளைச் சுமந்தவன், கெடு தேதிகளைப் பதிவேட்டில் எழுதியவன். அந்த இடத்திலிருந்து பார்த்ததைத்தான் எழுத முடியும்.

ஒரே அறிவிக்கை, நூறு வழக்கு

எங்கள் பக்கம் ஏரிப்பாசனப் பூமி. இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்தது, ஸ்ரீபெரும்புதூர் மாறியது, பிறகு ஒரகடம், பிறகு வல்லம் வடகால். 2017-இல் இங்கே ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் 18,720 பேர் தங்கும் பெண் தொழிலாளர் விடுதியை முதலமைச்சர் திறந்து வைத்தார். இந்த மாற்றம் அத்தனைக்கும் முதல் காகிதம் ஒன்றுதான்: நிலமெடுப்பு அறிவிக்கை.

1894-ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் நூற்றிருபது ஆண்டு நடைமுறையில் இருந்தது. அதன் 4(1) பிரிவில் வரும் அறிவிக்கை ஒன்றாக இருக்கும். அதில் அடங்கும் சர்வே எண்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். நிலமெடுப்புத் தனி வட்டாட்சியர் அக்கம்பக்கத்தில் பதிவான கிரயப் பத்திரங்களைப் பார்த்து, அதில் ஒன்றை 'டேட்டா' என்று எடுத்துக்கொண்டு, சென்ட்டுக்கு இவ்வளவு என்று தீர்வம் போடுவார். நாங்கள் அவார்டு என்று சொல்வது அதைத்தான். தொகை போதாது என்று நினைப்பவர் 18-ஆம் பிரிவில் மனு கொடுக்கலாம். தீர்வத்தின்போது நேரில் இருந்தவருக்கு ஆறு வாரக் கெடு. இன்னொரு நிபந்தனையும் உண்டு. பணத்தை வாங்கும்போது 'ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதியிருக்க வேண்டும். அந்த ஒரு வரி எழுதாமல் கையெழுத்துப் போட்டவருக்கு 18-ஆம் பிரிவின் கதவு அடைத்துவிடும்.

அப்படி வரும் மனுக்கள் சார்பு நீதிமன்றத்தில் எல்.ஏ.ஓ.பி. என்று எண் பெறும். நாற்பது, ஐம்பது, நூறு என்று கட்டாக வரும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக விசாரித்தால் ஒரு நீதிபதியின் மூன்றாண்டுப் பணிக்காலமும் அதிலேயே போய்விடும். ஆகவே இரு தரப்பும் ஒரு கூட்டு மெமோ போடுவார்கள். ஒரு வழக்கை முதன்மை வழக்காக எடுத்துக்கொண்டு, அதில் பதிவாகும் சாட்சியத்தை மற்றவற்றுக்கும் பொருத்திக்கொள்ளலாம் என்று. வரைபடம், அடங்கல், கிரயப் பத்திர நகல்கள் எல்லாம் அந்த ஒரு கட்டில் சேரும். தீர்ப்பும் ஒன்று, மேலே மட்டும் நாற்பது எண்கள் இருக்கும்.

எதை முதலில் எடுப்பது?

வெளியே இருந்து பார்த்தால் எதை எடுத்தால் என்ன என்று தோன்றும். வக்கீல்களைக் கேட்டால் தெரியும், சண்டையே அங்கேதான்.

சட்டம் பற்றிய கேள்வி என்றால் எந்த வழக்கை எடுத்தாலும் ஒன்றுதான். நம் பக்கத்துக்கே ஓர் உதாரணம் உண்டு. தொழிற்சாலைகளுக்கு நிலமெடுக்கத் தமிழ்நாட்டுக்கு 1997-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. 2013-இல் மத்திய அரசு 1894 சட்டத்தை நீக்கிப் புதுச் சட்டம் கொண்டுவந்தபின் மாநிலச் சட்டம் செல்லுமா என்று கேள்வி எழுந்தது. பல நில உரிமையாளர்களின் மனுக்களை ஒன்றாகக் கேட்ட சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலை 3 அன்று செல்லாது என்றது. மாநில அரசு அதே ஆண்டு, பின்தேதியிட்டு உயிர்கொடுக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 29 அன்று அது செல்லும் என்றது. இதில் முதல் மனுதாரரின் நிலம் நஞ்சையா, புஞ்சையா, கிணறு உண்டா என்று யாரும் பார்க்க வேண்டியதில்லை. சட்டம் எல்லாருக்கும் ஒன்றே.

விலை பற்றிய கேள்வி அப்படியில்லை. நெடுஞ்சாலையை ஒட்டிய பத்து சென்ட்டும், உள்ளே வரப்பு வழியாகப் போய்ச் சேர வேண்டிய ஓர் ஏக்கரும் ஒரே அறிவிக்கையில்தான் இருக்கும். நில உரிமையாளர்களின் வக்கீல் சாலையோர நிலத்தை முதன்மை வழக்காக்கப் பார்ப்பார். அரசு வக்கீல் மழையை நம்பிய மானாவாரிப் புஞ்சையைக் காட்டுவார். முதலில் போகும் வழக்கு எதுவோ, அதன் விலை மற்றவற்றின் தலையில் எழுதப்படும்.

நான் பெஞ்ச் கிளார்க்காக இருந்த காலத்தில் ஒரு நீதிபதி இதை அழகாகக் கையாண்டார். சாலையோரக்காரரின் வழக்கை முதன்மை வழக்காக எடுக்கச் சம்மதித்தார்; ஆனால் உள்பக்க நிலத்துக்காரர் ஒருவரும் கூண்டில் ஏற வேண்டும் என்றார். வரைபடத்தை மேசையில் விரித்துச் சாலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று தானே ஸ்கேல் வைத்து அளந்தார். தீர்ப்பில் இரண்டு விலை வந்தது. சாலையோரத்துக்கு ஒன்று, உள்ளே இருப்பதற்கு ஒன்று. 'பெல்டிங்' என்று கோர்ட் பாஷையில் சொல்வார்கள். இரு பக்கமும் முணுமுணுத்தார்கள். நியாயமான தீர்ப்புக்கு அதுவும் ஓர் அடையாளம் என்று எங்கள் சிரஸ்தார் அப்போது சொன்னார்.

அமெரிக்காவின் கிடா

இதே சிக்கல் அமெரிக்காவிலும் இருக்கிறது என்று ஓய்வு பெற்றபின்தான் படித்தேன். அங்கே இந்த முறைக்கு வைத்திருக்கும் பெயர் எனக்கு மிகவும் பிடித்துப்போனது: 'பெல்வெதர்' விசாரணை. பெல் என்றால் மணி. வெதர் என்றால் காயடித்த கிடா. மந்தைக்கு முன்னால் ஒரு கிடாவின் கழுத்தில் மணி கட்டி நடக்கவிட்டால் மற்றவை ஓசையைக் கேட்டுப் பின்னால் வரும். அறுவடை முடிந்த கழனிகளில் கிடை போட ஆட்டுக்காரர்கள் வந்துபோன காலத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். இருட்டில் மந்தை எங்கே இருக்கிறது என்று அந்த மணியோசைதான் நமக்குச் சொல்லும்.

அங்கே இதற்கான அடித்தளம் 1960-களில் அமைந்தது. மின்சாதனக் கம்பெனிகள் தங்களுக்குள் பேசிவைத்து விலை ஏற்றியதாக 1,800-க்கும் மேற்பட்ட வழக்குகள் பல நீதிமன்றங்களில் குவிந்தன. அவற்றைச் சமாளித்த அனுபவத்தில் 1968-இல் ஒரு சட்டம் செய்தார்கள். நாடெங்கும் உள்ள ஒரே மாதிரி வழக்குகளை, விசாரணைக்கு முந்தைய வேலைகளுக்காக, ஒரே நீதிபதியிடம் அனுப்பலாம். அங்கே சில வழக்குகளை மட்டும் முதலில் ஜூரி முன் நடத்திப் பார்ப்பார்கள். அந்தத் தீர்ப்பு அந்த வழக்குக்காரர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். மற்றவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் வழக்கு என்ன பெறும் என்று கணக்குப் போட்டுச் சமரசம் பேசுவார்கள்.

வயாக்ஸ் என்ற வலி மாத்திரையின் கதை இதற்கு நல்ல உதாரணம். மாரடைப்பு அபாயம் தெரியவந்ததால் மெர்க் நிறுவனம் அதை 2004 செப்டம்பர் 30 அன்று சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. ஆயிரக்கணக்கான வழக்குகள் நியூ ஆர்லியன்ஸில் நீதிபதி எல்டன் ஃபாலன் முன் சேர்ந்தன. அவர் ஆறு வழக்குகளை மாதிரியாக நடத்தினார். ஒன்றில்தான் நோயாளி தரப்பு வென்றது. அப்படியானால் கம்பெனி ஏன் பணம் கொடுக்க வேண்டும்? ஆனால் 2007 நவம்பரில் 485 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. எந்த மாதிரி வழக்கு நிற்கும், எது நிற்காது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு செலவாகும் என்று இரு தரப்புக்கும் அந்த விசாரணைகளில் தெரிந்துவிட்டது. பானைச் சோற்றை ஒரு பருக்கையில் பார்ப்பது என்பார்களே, அதுதான்.

ஆனால் எந்தப் பருக்கையை எடுப்பது? இங்கே ராபர்ட் பார்க்கர் என்ற நீதிபதியின் கதை வருகிறது. டெக்சாஸில் மாவட்ட நீதிபதியாக இருந்தபோது கல்நார் தூசியால் நோயுற்ற தொழிலாளர்களின் வழக்குகள் 2,298 அவர் முன் இருந்தன. 160 பேரை மாதிரியாக எடுத்து ஜூரி முன் விசாரித்து, நோய் வகை வாரியாகச் சராசரி கண்டு, அந்தச் சராசரியை மற்றவர்களுக்கும் கொடுக்கலாம் என்றார். ஒவ்வொருவருக்கும் தன் வழக்கைத் தனியே ஜூரி முன் வைக்கும் உரிமை உண்டு என்று சொல்லி 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

இதற்கிடையில் பார்க்கரே அந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உயர்ந்திருந்தார். 1997-இல் அவர் முன் வந்தது ஒரு நில விவகாரம். ஹூஸ்டனில் ஒரு குடியிருப்பு, முன்பு கச்சா எண்ணெய்க் கழிவு தேக்கிய இடத்தின் மேல் கட்டப்பட்டது என்று 3,000-க்கும் மேற்பட்டோர் ஷெவ்ரான் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டிருந்தார்கள். கீழ் நீதிபதி, முதலில் 30 பேருடைய வழக்கை நடத்துவோம், இரு தரப்பும் ஆளுக்கு 15 பேரைத் தேர்ந்தெடுக்கட்டும் என்றார். பார்க்கர் எழுதிய தீர்ப்பு அதைத் தடுத்தது. ஒரு பக்கம் தனக்குச் சாதகமான 15 பேரையும், மறுபக்கம் தனக்குச் சாதகமான 15 பேரையும் எடுத்தால் அந்த முப்பதும் மந்தையைக் காட்டாது. இரண்டு ஓரங்களைத்தான் காட்டும். மூவாயிரம் பேரையும் கட்டுப்படுத்த வேண்டுமானால் எடுக்கும் மாதிரி மூவாயிரம் பேரையும் போல இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். மணி கட்டிய கிடாவைப் பற்றிய விளக்கமும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. மேசையில் வரைபடத்தை விரித்து அளந்த எங்கள் நீதிபதியை அப்போது நினைத்துக்கொண்டேன்.

மாதிரியே பார்க்காமல் முடிந்த ஒன்று

மாதிரி விசாரணை வேண்டாம், எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக முடித்துவிடலாம் என்றால் என்ன ஆகும்? அதற்கும் நம் நாட்டில் ஒரு சாட்சி இருக்கிறது: போபால்.

1984 டிசம்பர் 2, 3 இரவு. சில மாதங்களிலேயே அமெரிக்காவில் பல ஊர்களில் சுமார் 145 வழக்குகள் பதிவாகி, மேலே சொன்ன 1968 சட்டத்தின்படியே நியூயார்க்கில் நீதிபதி கீனன் முன் ஒன்றாகச் சேர்ந்தன. இங்கே 1985-இல் ஒரு சட்டம் இயற்றி, பாதிக்கப்பட்ட அனைவருக்காகவும் வழக்காடும் உரிமையை இந்திய அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. 1986 மே மாதம் கீனன், இது இந்தியாவில் நடக்க வேண்டிய வழக்கு என்று திருப்பி அனுப்பினார். போபால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. 1987 டிசம்பரில் இடைக்கால நிவாரணமாக 350 கோடி ரூபாய் என்று உத்தரவானது. உயர் நீதிமன்றம் அதை 250 கோடியாகக் குறைத்தது. 1989 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றத்தில் 47 கோடி டாலருக்குச் சமரசம்.

அதுவரை பாதிக்கப்பட்ட ஒருவருடைய வழக்குகூட முழுமையாக விசாரிக்கப்பட்டுத் தீர்ப்பாகவில்லை. நுரையீரல் கெட்ட ஒரு கூலித் தொழிலாளியின் இழப்பு என்ன, கணவனை இழந்த ஒருத்தியின் இழப்பு என்ன என்று சாட்சியம் பதிந்து, குறுக்கு விசாரணை செய்து, ஒரு நீதிபதி ஒரு தொகையைச் சொன்னதில்லை. பருக்கை பார்க்காமலே பானையை இறக்கிவிட்டோம். தொகை போதாது என்ற குறை ஆறவே இல்லை. கூடுதல் தொகை கேட்டு மத்திய அரசே போட்ட சீராய்வு மனுவை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. முப்பத்து நான்கு ஆண்டு கழித்தும் அந்தக் கணக்கு நீதிமன்ற வாசலில்தான் நின்றது.

கேஸ் போடாதவனுக்கு

இனி டீக்கடைக்காரரின் கேள்விக்கு வருகிறேன். கேஸ் போடாதவனுக்கும் வருமா?

அமெரிக்காவில் இல்லாத ஒன்றை நம் நாடாளுமன்றம் 1984-இல் செய்தது. நிலமெடுப்புச் சட்டத்தில் 28-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. ஒரே அறிவிக்கையில் நிலம் இழந்த ஒருவர் நீதிமன்றம் போய்க் கூடுதல் தொகை பெற்றால், 18-ஆம் பிரிவில் மனு போடாத மற்றவர்களும் அந்தத் தீர்ப்பைக் காட்டி மாவட்ட ஆட்சியரிடம் தங்கள் தொகையையும் மறுநிர்ணயம் செய்யும்படி கேட்கலாம். படிக்காதவர், வக்கீல் வைக்க வசதியில்லாதவர், பயந்து ஒதுங்கியவர் ஆகியோருக்காக வந்த பிரிவு அது. ஆட்சேபணை சொல்லாமல் பணம் வாங்கியவரும் இதில் வரலாம் என்று 2002-இல் ஹன்சோலி தேவி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. மணியோசை கேட்டு நடக்க எல்லா ஆட்டுக்கும் உரிமை உண்டு.

இதன் மதிப்பு என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உதாரணத்துக்குத்தான். ஓர் ஏக்கர், அதாவது 100 சென்ட். அதிகாரி சென்ட்டுக்கு 300 ரூபாய் கொடுத்தார். நீதிமன்றம் 1,000 என்றது. வித்தியாசம் 70,000 ரூபாய். அதற்கு 30 சதவீதம் ஆறுதல் தொகை 21,000. அறிவிக்கையிலிருந்து இரண்டு ஆண்டுக்கு, ஆண்டுக்கு 12 சதவீதம் கூடுதல் தொகை 16,800. ஆக 1,07,800. நிலத்தை எடுத்துக்கொண்ட முதலாண்டுக்கு 9 சதவீதமும் பிறகு 15 சதவீதமும் வட்டி. ஆறுதல் தொகைக்கும் அந்த வட்டி உண்டு என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எட்டு ஆண்டு என்றால் வட்டி மட்டும் 1,22,892. மொத்தம் 2,30,692 ரூபாய். முதலில் நிலத்துக்கு விலையாகப் போட்டது 30,000. ஒரு பெண்ணின் கல்யாணமோ, ஒரு பையனின் படிப்போ இந்த வித்தியாசத்தில் அடங்கிவிடும்.

ஆனால் அந்தப் பிரிவிலேயே ஒரு கெடு இருக்கிறது. நீதிமன்றத் தீர்ப்பு வந்த நாளிலிருந்து மூன்று மாதம். தீர்ப்பு நகல் வாங்க ஆகும் நாட்களைக் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஒரே அறிவிக்கையில் அடுத்தடுத்துப் பல தீர்ப்புகள் வந்தால் எதிலிருந்து எண்ணுவது? முதல் தீர்ப்பிலிருந்துதான் என்று முதலில் ஒரு அமர்வு சொல்லியிருந்தது. 1995 மார்ச்சில் பிரதீப் குமாரி வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: எந்தத் தீர்ப்பை ஆதாரமாகக் காட்டுகிறாரோ அதிலிருந்து எண்ணினால் போதும். இது பெரிய ஆறுதல். 1996-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. இந்தப் பிரிவில் 'நீதிமன்றம்' என்பது முதலில் விசாரித்த நீதிமன்றம்தான். உயர் நீதிமன்றம் பிறகு தொகையைக் கூட்டினாலும் அந்தத் தேதியிலிருந்து எண்ண முடியாது என்று அந்தத் தீர்ப்பு அப்போது சொன்னது.

இந்த மூன்று மாதம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை ஊரில் உள்ள மற்றவர்களுக்கு யார் சொல்ல வேண்டும்? அந்தப் பிரிவில் அதற்கு ஒரு வரியும் இல்லை.

சின்னம்மாவின் அறுபத்திரண்டு சென்ட்

மேலே, இரண்டு விலை வந்த ஒரு தீர்ப்பைச் சொன்னேன் அல்லவா? 1990-களின் நடுவில் வந்தது அது. நாற்பதுக்கும் மேற்பட்ட வழக்குகள், ஒரே பொதுத் தீர்ப்பு. எந்தக் கையகப்படுத்தல், எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். அதே அறிவிக்கையில் என் சின்னம்மாவுக்கு அறுபத்திரண்டு சென்ட் இருந்தது. சித்தப்பா காலமாகியிருந்தார். பிள்ளைகள் சின்னவர்கள். அலுவலகத்தில் கையெழுத்து வைக்கச் சொன்ன இடத்தில் கைநாட்டு வைத்துப் பணம் வாங்கிவந்தவர் அவர். ஆட்சேபணை என்ற சொல்லை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

தீர்ப்பு வாசிக்கப்பட்ட அன்று நான் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். பதிவேட்டில் முடிவு தேதியை எழுதியது என் கைதான். 28-ஏ எனக்குத் தெரியாததில்லை. எத்தனையோ பேருக்கு அதற்காகத் தீர்ப்பு நகல் தயாரித்துக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் சின்னம்மாவிடம் சொல்லவில்லை. கோர்ட்டில் வேலை செய்பவன் சொந்தக்காரர்களுக்கு வழக்கு யோசனை சொல்லக்கூடாது என்ற கூச்சம் ஒன்று. ஊரே பேசிக்கொள்ளும்போது அவருக்கும் தெரிந்திருக்கும் என்ற அலட்சியம் ஒன்று. எது பெரிது என்று இன்றுவரை எனக்கே தெளிவில்லை.

ஆறேழு மாதம் கழித்து ஒரு காதுகுத்து விருந்தில் பந்தியில் எனக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டே கேட்டார். "ஏம்பா, பக்கத்துக் கழனிக்காரங்களுக்கெல்லாம் மறுபடியும் பணம் வருதாமே. எனக்கும் வருமா?"

நான் மறுநாள் அலுவலகத்தில் கட்டைப் புரட்டினேன். பிரதீப் குமாரி தீர்ப்பு அப்போது புதிது. அதே அறிவிக்கையில் ஏதாவது ஒரு வழக்கு மிச்சமிருந்து, அதில் தீர்ப்பு வந்தால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று மாதம் கிடைக்கும். ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே நாளில் முடித்திருந்தோம். வேலை சுத்தமாக முடிந்தது என்று நாங்கள் பெருமைப்பட்ட அதே விஷயம் சின்னம்மாவுக்கு இருந்த கடைசி வழியையும் அடைத்திருந்தது. தனித்தனியாக இழுத்தடித்திருந்தால் அவருக்கு ஒரு தேதி கிடைத்திருக்கும். நாற்பது பேருக்கு நன்மை செய்த முறை, வாசலுக்கு வராத ஒருத்திக்குக் கதவாகிவிட்டது.

"வராது சின்னம்மா, நாள் ஆயிடுச்சு" என்றேன். "சரிப்பா, குடுத்துவெச்சது அவ்வளவுதான்" என்றார். எனக்கு முன்பே தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. அவர் போய்ப் பல வருடமாகிவிட்டது. இப்போது அந்தக் கழனி இருந்த பக்கம் பஸ்ஸில் போனால் சுற்றுச்சுவர்தான் தெரியும்.

அவருக்குச் சொல்ல நினைப்பது

டீக்கடையில் கேட்டவருக்கு என் பதில் இதுதான். முதலில் உங்கள் மைத்துனருக்கு வந்த நோட்டீஸில் எந்தச் சட்டத்தின்படி நிலம் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். 1894 சட்டத்துக்குப் பதிலாக 2014 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத்தில் பழைய 28-ஏ போன்ற பிரிவு 73-ஆம் எண்ணில் இருக்கிறது. அதிலும் மூன்று மாதம்தான். மாநிலத்தின் 1997 சட்டத்தில் எடுத்தால் வழி வேறு; அங்கே தொகையை ஏற்காதவர் நீதிமன்றம் போகலாம். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் கேஸ் போடுவார், நாம் பின்னால் போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு வக்கீலைப் பார்த்துக் கெடுவுக்குள் அவர் பெயரிலேயே மனு கொடுக்கச் சொல்லுங்கள். பணம் வாங்கும் காகிதத்தில் ஆட்சேபணை வரியை எழுதாமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

வழக்கு நடத்துபவர்களுக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஒன்றை முன்னால் விட்டு மற்றவற்றைப் பின்னால் நடத்துவது நல்ல முறைதான். அது இல்லாவிட்டால் நம் நீதிமன்றங்கள் மூச்சு விட முடியாது. முன்னால் போவது மந்தையைப் போல இருக்கிறதா என்று பார்க்க நீதிபதிகள் இருக்கிறார்கள். கடைசியில் வருகிறவருக்கு மணி கேட்டதா என்று பார்க்கத்தான் யாருமில்லை. முதன்மை வழக்கில் தீர்ப்பு வந்ததும் கிராம நிர்வாக அலுவலகச் சுவரில் ஒரு தாள் ஒட்டினால் போதும். தேதி, வழக்கு எண், மூன்று மாதம் என்று பெரிய எழுத்தில் மூன்று வரி. ஒரு தாளுக்கும் கொஞ்சம் பசைக்கும் என்ன செலவு?

நாளைக் காலை ஆறு மணிக்கே டீக்கடைக்குப் போகப்போகிறேன். அவர் வந்தால் நேரிலேயே சொல்லிவிடுவேன். இந்த முறை ஊரில் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று இருந்துவிட மாட்டேன்.